யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

"பிளேன்ல சென்னைக்கு எத்தினை மணித்தியாலம் செல்லும் தம்பி?" என்று சின்னம்மா கேட்டபோது, "ஒரு மணித்தியாலம்தான் சின்னம்மா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பி, போகிற நாளிலேயே மாலை நான்கு மணிக்குக் கண் வைத்தியரிடம் நேரம் எடுத்துவிட்டார். விமானம் மூன்று மணி தாண்டித் தரையிறங்கியது. குடிவரவு வரிசை, பெட்டி வரும்வரை காத்திருப்பு, பிறகு நகரத்து வாகன நெரிசல். அவர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர ஐந்தரை மணியாகிவிட்டது. அடுத்த நேரம் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று நாளும் லொட்ஜில் தங்கிய செலவைவிட, அறியாத ஊரில் கண் மங்கலோடு அவர் தனியே இருந்ததுதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

நான் சொன்ன விடை பொய்யில்லை. விமானம் ஆகாயத்தில் இருந்தது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். ஆனால் சின்னம்மா கேட்டது வேறு: வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வெளிக்கிட்டால், போகவேண்டிய வாசலில் எப்போது நிற்பேன் என்பது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பயணம் போனாலும் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணம் யாழ்ப்பாணம் - சென்னை. முறை எந்த இரண்டு நகரங்களுக்கும் பொருந்தும்.

முதற்படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

கைபேசியில் தேடினால் ஓரிடத்தில் 355 கிலோமீற்றர் என்று வரும், இன்னோரிடத்தில் 380 என்று வரும். இரண்டும் சரி. முதலாவது பலாலி விமானநிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமானநிலையம் வரை. இரண்டாவது யாழ்ப்பாண நகரத்தின் நடுவிலிருந்து சென்னை நகரத்தின் நடுவரை. பலாலி நகரத்திலிருந்து வடக்கே பதினாறு கிலோமீற்றர் அளவில், சென்னைப் பக்கமாகவே இருக்கிறது. மீனம்பாக்கமோ சென்னையின் தென்மேற்கில், எங்கள் பக்கமாக இருக்கிறது. இரண்டு முனையிலும் தூரம் குறைகிறது. இருபத்தைந்து கிலோமீற்றர் வித்தியாசம் அப்படித்தான் வருகிறது.

பறக்கும் நேரத்தைக் கணிக்க விமானநிலையத்திலிருந்து விமானநிலையத்துக்கான தூரத்தை மட்டும் எடுங்கள். நகரத் தூரம் அதற்கு உதவாது. அந்த மீதித் தூரத்தை நீங்கள் ஓட்டோவிலும் பஸ்ஸிலும் கடக்கப் போகிறீர்கள். அதற்குத் தனிக் கணக்கு வரும்.

இரண்டாம் படி: தூரத்தைக் கையாலேயே கணக்கிடுங்கள்

இதற்குச் செயலி வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அகலக்கோடும் நெடுங்கோடும் போதும். ஒரு பாகையில் 60 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். விமானிகளும் கப்பற்காரரும் கிலோமீற்றரை விட்டுக் கடல் மைலில் கணக்குப் பார்ப்பதற்குக் காரணமே, வரைபடத்தின் ஓரத்தில் உள்ள கலையை எண்ணினால் தூரம் கையில் வந்துவிடும் என்பதுதான்.

பலாலி வட அகலக்கோடு 9 பாகை 47 கலை, கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 4 கலை. சென்னை விமானநிலையம் 12 பாகை 59 கலை, 80 பாகை 10 கலை. நெடுங்கோட்டு எண்களைப் பாருங்கள். வித்தியாசம் வெறும் ஆறு கலை. அதாவது பலாலிக்கு ஏறத்தாழ நேர் வடக்கே சென்னை இருக்கிறது. நாங்கள் "மேற்கே இந்தியா" என்று நினைத்துப் பழகியவர்கள். ஆனால் பலாலி ஓடுபாதையில் நின்று வடக்கே முகம் வைத்தால் சென்னை கண்ணுக்கு நேரேதான்.

ஆகவே கழித்தல் ஒன்றே கணக்கு. 12 பாகை 59 கலையிலிருந்து 9 பாகை 47 கலையைக் கழித்தால் 3 பாகை 12 கலை. மூன்றை அறுபதால் பெருக்கிப் பன்னிரண்டைக் கூட்டினால் 192. எனவே 192 கடல் மைல். 1.852 ஆல் பெருக்க ஏறக்குறைய 355 கிலோமீற்றர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் மருமகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டாள்.

எல்லா ஊரும் இப்படி நேர்கோட்டில் அமைவதில்லை. திருச்சியை எடுங்கள். 10 பாகை 46 கலை வடக்கு, 78 பாகை 43 கலை கிழக்கு. வடக்கு-தெற்கு வித்தியாசம் 59 கலை, கிழக்கு-மேற்கு வித்தியாசம் 81 கலை. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால் அந்த 81 ஐ அகலக்கோட்டின் கோசைனால் பெருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அது 0.98. பெருக்கினால் 79 சொச்சம். இனிப் பைதகரஸ் தேற்றம்: 59 இன் வர்க்கத்தையும் 79 சொச்சத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99 கடல் மைல், சுமார் 183 கிலோமீற்றர். கொழும்பு விமானநிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கும் இதே முறையில் போட்டால் சுமார் 290 கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு விமானநிலையத்தைவிடத் திருச்சி விமானநிலையம் நூறு கிலோமீற்றருக்கு மேல் கிட்ட. நான் முதன்முதலில் இதைப் போட்டபோது பிழை விட்டுவிட்டேனோ என்று மூன்று தரம் சரிபார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தட்டைக் கணக்கு சில நூறு கிலோமீற்றருக்குத்தான் செல்லும். லண்டன், ரொறன்ரோ என்று போனால் பூமியின் வளைவு குறுக்கே வரும். அதற்கு ஒரு பூகோள உருண்டையில் நூலைப் பிடித்து இரண்டு ஊருக்கும் நடுவே இறுக்கி இழுங்கள். நூல் கிடக்கும் பாதைதான் மிகக் குறுகிய பாதை. சுவர் வரைபடத்தில் அதை வரைந்தால் வடக்கே வளைந்து தெரியும்.

மூன்றாம் படி: விமானம் நேர்கோட்டில் போகாது

பலாலி ஓடுபாதையின் எண் 05/23. ஓடுபாதை எண்ணோடு ஒரு பூச்சியம் சேர்த்தால் அது பார்க்கும் திசை வரும். ஆக 50 பாகை வடகிழக்கு, 230 பாகை தென்மேற்கு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும். வாடைக்காற்று வீசும் மார்கழியில் வடகிழக்காக ஓடிக் கடலுக்கு மேல் ஏறிவிடும். சோளகம் வீசும் ஆடியில் தென்மேற்காக ஓடி, குடாநாட்டுக்கு மேல் ஏறி, திரும்பி வடக்கே போகவேண்டும். சென்னையில் முதன்மை ஓடுபாதை 07/25. தெற்கேயிருந்து வரும் விமானம் அதற்கு நேராக வரக் கிழக்கிலோ மேற்கிலோ ஒரு திருப்பம் எடுத்தே ஆகவேண்டும். முன்னால் வேறு விமானங்கள் இறங்கக் காத்திருந்தால் வானத்தில் ஒரு வட்டமும் அடிக்க நேரும். இவையெல்லாம் சேர்த்து, 355 கிலோமீற்றரோடு ஒரு பத்து வீதம் கூட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பாதையைப் பற்றி ஒரு சொல். நேர்கோட்டை வரைபடத்தில் இழுத்தால் அது பெரும்பாலும் கடல் மேலேதான் போகிறது. கோடிக்கரைக்கும் நாகபட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் கிழக்கே கிட்டத்தட்ட 25, 30 கிலோமீற்றர் தள்ளிப் போய், கல்பாக்கம் - மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைத் தொடும். போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் வெளித்திருந்தால் கரை ஒரு மணல்நூல் போலத் தெரியும். கோடிக்கரைக் காட்டின் கரும்பச்சையும் அதற்கடுத்து வேதாரணியம் உப்பளங்களின் வெண்மையும் தெரிந்தால், புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பிற்பகல் விமானமென்றால் வெயிலும் அந்தப் பக்கம்தான், கண் கூசும். திரும்பி வரும்போது வலப்பக்கம்.

இந்தப் பாதையில் பறப்பது ஏ.ரி.ஆர். 72 என்ற, சுழலிகள் பூட்டிய விமானம். அதன் சிறகு உடலுக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் சிறகு குறுக்கே நின்று மறைக்காது. கீழே பலாலிச் செம்மண் தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள், பனங்கூடல், பிறகு சட்டென்று நீலம். அந்த ஓடுபாதையைச் சுற்றியுள்ள பல காணிகள் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுடையவை. விமானம் ஏறுகிற அந்த ஒரு நிமிடத்தில் கீழே பார்ப்பவர்களில் சிலர், தங்கள் வளவு எது என்று கண்ணால் தேடுகிறார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியில் விரலை வைத்து, "அந்தக் கிணத்தடிதான்" என்று தனக்குள்ளே சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

நான்காம் படி: தூரத்தை நேரமாக்குவது

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏ.ரி.ஆர். 72 இன் பறப்பு வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர், கடற்கணக்கில் 270 நொட், அதாவது மணிக்கு 270 கடல் மைல். 192 ஐ 270 ஆல் வகுத்தால் 43 நிமிடம். மூன்றாம் படியில் சொன்ன பத்து வீதத்தைக் கூட்டினால் 47. ஆனால் அந்த வேகம் நடுவானில் மட்டும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அதற்கு ஒரு பத்து நிமிடம் கூட்டுங்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை உருண்டு வருவது, வரிசையில் நிற்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு பத்துப் பதினைந்து நிமிடம். மொத்தம் 70 நிமிடம் அளவில் வருகிறது. விமான நிறுவனங்கள் சிறு தாமதங்களுக்கும் இடம் விட்டு, 75 நிமிடமோ அதற்குச் சற்று மேலோ அட்டவணையில் போடுகின்றன.

ரிக்கெற்றில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசையும் நேரம். சேரும் நேரம் என்பது மறுபக்கம் நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்கும் நேரம். சக்கரம் தரையை விடுவதும் தொடுவதும் அல்ல. "ஒன்றேகால் மணி என்று போட்டார்கள், ஐம்பத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது" என்று ஒருவர் மகிழ்வதும், அதன்பிறகு பத்து நிமிடம் உள்ளேயே இருந்தோம் என்று இன்னொருவர் சலிப்பதும் ஒரே பயணத்தைத்தான்.

பெரிய ஜெற் விமானம் விட்டால் அரை மணியில் போகலாமே என்று கேட்பார்கள். போட்டுப் பாருங்கள். ஜெற்றின் வேகம் 450 நொட் என்று வைத்தால் நடுவான் நேரம் 26 நிமிடமாகக் குறையும். ஆனால் ஏற்றம், இறக்கம், உருளல் எல்லாம் அப்படியே இருக்கும். மொத்தத்தில் மிச்சம் பதினைந்து நிமிடம் அளவில்தான். திருச்சிக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. தூரம் பாதிதான், ஆனாலும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கொழும்பு - சென்னை இதற்கு மறுபக்கம்: சுமார் 645 கிலோமீற்றர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். அங்கே ஜெற் பறப்பதால் நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து போவதற்கு ஏறக்குறைய சமம். குறுந்தூரப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. இரண்டு முனையிலும் நடக்கும் வேலைகள்தான்.

ஐந்தாம் படி: காற்றும் மழையும்

நெடுந்தூரப் பயணத்தில் காற்று மணித்தியாலக் கணக்கில் நேரத்தை மாற்றும். ஐரோப்பாவுக்குப் போக எடுக்கும் நேரத்தைவிட அங்கிருந்து வர எடுக்கும் நேரம் குறைவதற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறுதான் காரணம். எங்கள் பாதை தெற்கு-வடக்கு, உயரமும் குறைவு. காற்றால் வரும் வித்தியாசம் சில நிமிடங்களைத் தாண்டாது.

மழை அப்படியில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் நிமிடக் கணக்குகளை எறிந்துவிட்டு நாள் கணக்கில் யோசிக்கவேண்டும். 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் 2024 நவம்பர் 30 இல் பெஞ்சல் புயலின்போதும் சென்னை விமானநிலையமே மூடப்பட்டது. கார்த்திகையில் சத்திரசிகிச்சைக்கோ கலியாணத்துக்கோ போகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முந்திப் போங்கள். இதில் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

ஆறாம் படி: கடிகாரம்

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996 இல் இலங்கை கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியும் பிறகு அதே ஆண்டில் அரை மணி பின்னே வைத்தும் மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட பத்தாண்டில் இந்தியாவுக்குப் போனவர்கள் கைக்கடிகாரத்தில் அரை மணியைக் குறைக்கவேண்டியிருந்தது. இன்று அந்தத் தொல்லை இல்லை.

மேலும் தொலைவு போகிறவர்களுக்கு ஒரு சிறு விதி: சேரும் உள்ளூர் நேரத்திலிருந்து புறப்பட்ட உள்ளூர் நேரத்தைக் கழித்து, நேர வித்தியாசத்தை மேற்கே போனால் கூட்டுங்கள், கிழக்கே போனால் கழியுங்கள். சென்னையில் காலை 6 மணிக்கு ஏறி லண்டனில் பகல் 11 மணிக்கு இறங்கினால் அது ஐந்து மணித்தியாலப் பயணம் அல்ல. குளிர்காலத்தில் ஐந்தரையைக் கூட்டினால் பத்தரை மணித்தியாலம். கோடையில் லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் நான்கரைதான் கூட்டவேண்டும்.

ஏழாம் படி: படலையிலிருந்து வாசல் வரை

இதுதான் முக்கியமான படி. இதைப் பின்னாலிருந்து முன்னாலே போடுங்கள். போகவேண்டிய இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்து வாருங்கள். சின்னம்மாவுக்காக நான் இரண்டாம் முறை எழுதிய கொப்பிப் பக்கத்தையே தருகிறேன். கணக்குச் சுலபமாக இருக்க, இங்கே பலாலியில் பிற்பகல் 4 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து முன்னும் பின்னும் போடுவோம்.

சர்வதேசப் பயணமாதலால் மூன்று மணித்தியாலம் முந்தி, ஒரு மணிக்கு விமானநிலையத்தில் நிற்கவேண்டும். பலாலி சிறிய நிலையம்தானே, கடைசியில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். எழுபது எழுபத்தைந்து பேர் ஒரே நேரத்தில் பெட்டி நிறுக்க, கடவுச்சீட்டு முத்திரை குத்த நிற்பார்கள். பொதி நிறை கூடிவிட்டால் பெட்டியைத் திறந்து பனங்கட்டிக் குட்டானை வெளியே எடுத்துக் கைப்பையில் வைக்கும் வேலையும் அங்கேதான் நடக்கும். பெட்டி கையேற்பது வழக்கமாகப் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்துவிடும். ரிக்கெற்றிலேயே அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லூர், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து பலாலி வீதியால் ஓட்டோவிலோ காரிலோ போனால் அரை மணி முதல் முக்கால் மணி. சாவகச்சேரி, பருத்தித்துறை, தீவுப்பகுதிக்காரர் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். நெடுந்தீவுக்காரருக்குப் படகு நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அவர்கள் முதல் நாளே நகரத்துக்கு வந்துவிடுவது நல்லது. சின்னம்மா கோண்டாவில். பன்னிரண்டேகாலுக்கு வெளிக்கிடவேண்டும் என்று எழுதினேன்.

நாலு மணிக்குப் புறப்பட்டால் ஐந்தேகாலுக்குச் சென்னையில். ஏ.ரி.ஆர். இல் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கம் பொதி அறை. பின்வரிசையில் இருப்பவர்தான் முதலில் இறங்குவார். குடிவரவு வரிசையில் இது பத்துப் பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். வயதானவர்களுக்குப் பின்வரிசை கேட்டு வாங்குங்கள். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. சில்லு வைத்த கைப்பெட்டியை ஏறும் இடத்தில் வாங்கிப் பொதியோடு போட்டுவிடுவதும் உண்டு. மருந்து, மருத்துவ அறிக்கைகள், கண்ணாடி இவற்றை மடியில் வைக்கும் சிறு பையில் தனியே எடுத்துச் செல்லுங்கள்.

இறங்கியபின் பஸ்ஸில் ஏற்றி முனையத்துக்குக் கொண்டுபோவது, குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் வையுங்கள். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெரிய விமானங்கள் அதே நேரம் இறங்கியிருந்தால் ஒன்றரையும் ஆகும். ஆறேகாலுக்கு வெளியே வந்தால் மாலை நெரிசல். காரில் ஏறுவதைவிட விமானநிலையத்துக்குள்ளேயே இருக்கும் மெட்ரோவைப் பிடிப்பது நல்லது. சென்ட்ரல் வரை ஏறக்குறைய நாற்பது நிமிடம். வடபழனி, கோயம்பேடு போவதென்றால், நேரடி வண்டி கிடைக்காவிட்டால் ஆலந்தூரில் மாறவேண்டும். சின்னம்மா தங்குமிடம் வடபழனி. ஏழேகால் என்று எழுதினேன்.

பன்னிரண்டேகாலிலிருந்து ஏழேகால் வரை ஏழு மணித்தியாலம். அதில் வானத்தில் இருப்பது ஒரு மணித்தியாலம். கொப்பியைப் பார்த்துவிட்டுச் சின்னம்மா, "அப்ப வைத்தியரிட்டை அடுத்த நாள் காலமைதான்" என்று தானாகவே சொன்னார்.

எட்டாம் படி: மற்ற வழிகளோடு ஒப்பிடுங்கள்

ஏழு மணித்தியாலம் என்றால் சலிப்பாக இருக்கலாம். நேரடி விமானம் இல்லாத காலத்தில் நாங்கள் போன வழியை நினைத்துப் பாருங்கள். இரவு பஸ்ஸிலோ றெயிலிலோ ஏழு எட்டு மணித்தியாலம் தெற்கே போய், கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, அதே வானத்தால் திரும்பவும் வடக்கே பறந்து, யாழ்ப்பாணத்தைக் கடந்து சென்னைக்குப் போனோம். படலையிலிருந்து வாசல் வரை பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது.

ஆனால் இந்தப் பாதை புதியதும் அல்ல. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மதராசுக்குப் பறந்தது. போர் அந்த வழியை அடைத்தது. 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் பறந்தது. 2024 செப்ரெம்பர் 1 இல் இன்டிகோ வந்தது, 2025 மார்ச் 30 இல் திருச்சிக்கும் தொடங்கியது. நின்று நின்று வந்த பாதை என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன்: நண்பர் சொன்ன பழைய அட்டவணையை நம்பாதீர்கள். பயணத்துக்கு முதல் வாரமும் முதல் நாளும் நேரத்தைத் திரும்பப் பாருங்கள்.

தஞ்சாவூர், மதுரை, வேளாங்கண்ணி போகிறவர்களுக்குத் திருச்சிதான் வழி. சென்னையில் இறங்கித் தெற்கே திரும்புவது வீண். கடல் வழியும் 2023 ஒக்ரோபரில் தொடங்கியது, ஆனால் அதுவும் இடையிடையே நின்று நின்றுதான் நடந்திருக்கிறது. காங்கேசன்துறை - நாகபட்டினம் சுமார் 60 கடல் மைல், ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். வேளாங்கண்ணிக்கு அது மிகவும் கிட்ட. சென்னைக்கென்றால் நாகபட்டினத்திலிருந்து இன்னும் 300 கிலோமீற்றர் தரையால் போகவேண்டும். கணக்கில் விமானம்தான் வெல்லும்.

ஒன்பதாம் படி: சென்னையில் விமானம் மாறுகிறவர்களுக்கு

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் எங்கள் உறவுகள் இப்போது சென்னை வழியாக வர யோசிக்கிறார்கள். கவனிக்கவேண்டியது ஒன்று. இரண்டு பயணமும் ஒரே ரிக்கெற்றில் இருக்கிறதா, தனித்தனியா? தனித்தனி என்றால் சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, திரும்ப உள்ளே போய்க் கொடுக்கவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இப்படியான பயணத்தில் இரண்டுக்கும் நடுவே ஐந்து மணித்தியாலமாவது விடுங்கள். சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் ஒரு இரவு தங்கிவிட்டு வருவதுதான் மனிதருக்கு ஆகும் பயணம்.

திரும்பி வரும் கணக்கு

இதைத் தனியாகப் போடவேண்டும். போன நேரத்தையே வருகைக்கும் வைக்காதீர்கள். சென்னை பெரிய நிலையம். உள்ளே நடை தூரம் அதிகம், பாதுகாப்பு வரிசை நீளம். நகரத்திலிருந்து விமானநிலையம் போகவே காலை நெரிசலில் ஒன்றரை மணி வேண்டும். புடவைப் பெட்டி நிறை கூடிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்து, லொட்ஜிலேயே நிறுத்துப் பாருங்கள். பலாலியில் இறங்கியபின் வேலை விரைவாக முடியும், ஆனால் வெளியே வாகனம் எப்போதும் நிற்கும் என்று எண்ணவேண்டாம். முன்கூட்டியே ஓட்டோக்காரருக்கோ வீட்டாருக்கோ சொல்லி வையுங்கள். சொல்லும்போது "நாலு மணிக்கு வாறன்" என்று மட்டும் சொல்லாமல், தரையிறங்கும் நேரமா வெளியே வரும் நேரமா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சின்னம்மா திரும்பி வந்த நாள் நான் விமானம் இறங்கும் நேரத்தோடு நாற்பது நிமிடம் கூட்டிப் போய் வாசலில் நின்றேன். அவர் முப்பத்தைந்தாவது நிமிடமே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணில் புதுக் கண்ணாடி. "ஐஞ்சு நிமிசம் காத்திருந்தனான் ராசா, கொப்பியில திருத்திப் போடு" என்றார். பலாலி வருகைக்கு முப்பத்தைந்து என்று அன்றே திருத்திவிட்டேன்.